பிடிபட்ட கலமும் பிடித்தவர் கடமையும்

காரியாபட்டி

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் அதனுடன் நீ அனுப்பிய வரைவுத் திட்டமும் வந்து சேர்ந்தன. மழையை நம்பிப் பிழைக்கும் இந்தக் கரிசல் பூமியில் பிறந்து, மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் பெருஞ்சாலையில் ஓயாது ஓடும் கன்டெய்னர் லாரிகளைக் கண்டே தெற்கே ஒரு கடல் இருப்பதை அறிந்து வளர்ந்த பிள்ளை, இன்று கடலோரக் காவல்படையின் ரோந்துக் கப்பலில் அதிகாரியாக நின்று, போதைப்பொருள் கடத்தும் கலம் நடுக்கடலில் பிடிபட்டால் அதை எவ்வாறு கையாள வேண்டும் என்று திட்டம் எழுதுகிறான் என்பதில் எனக்குள்ள மகிழ்ச்சியை மறைக்க வேண்டியதில்லை. சுங்க இலாகாவில் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதியைத் துறைமுகங்களிலும், அங்கே பிடிபட்ட சரக்குகளைப் பற்றிய வழக்குகள் நடந்த நீதிமன்றத் தாழ்வாரங்களிலும் கழித்தவன் என்ற தகுதியைக் கொண்டு, நீ கேட்டபடி என் அபிப்பிராயத்தை எழுதுகிறேன்.

வரைவின் முக்கால் பாகம் சந்தேகத்துக்குரிய கலத்தைத் தேடுவது, துரத்துவது, நிறுத்துவது, அதில் ஏறுவது ஆகியவற்றைப் பற்றியது. அது நன்றாகவே அமைந்திருக்கிறது. அதில் நான் சொல்லத்தக்கது எதுவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு, ‘கலத்தை அருகிலுள்ள துறைமுகத்துக்குக் கொண்டுவந்து உரிய அதிகாரிகளிடம் ஒப்படைக்க வேண்டும்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். என் கடிதம் முழுவதும் அந்த ஒரு வரியைப் பற்றியது. கலத்தைப் பிடிப்பது சில மணி நேரத்துக் காரியம். பிடித்ததைப் பிடித்த நிலையிலேயே, ஒரு பொட்டலமும் ஒரு மனிதனும் ஒரு நிமிஷமும் கணக்கில் குறையாமல், நீதிபதியின் முன்னால் கொண்டுபோய் வைப்பது வருஷக்கணக்கில் நீளும் காரியம். அந்த நீண்ட காரியத்தின் பலம் முழுவதும், நீ அந்தத் தளத்தில் கால் வைத்த முதல் மணி நேரத்தில் என்ன செய்தாய் என்பதைப் பொறுத்தே நிற்கிறது. நம் சிவகாசிப் பக்கத்துப் பட்டாசு ஆலைகளில், ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பதையெல்லாம் மருந்தைக் கையில் எடுத்த பிறகு யோசிப்பவன் உயிரோடு வீடு திரும்புவது நிச்சயமில்லை என்பது உனக்குத் தெரியும். அதே நியதிதான் இங்கும். உன் திட்டம் கப்பல் துறையை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே முழுமையாக இருக்க வேண்டும்.

நம் கடலில் நடந்தவற்றைக் கொஞ்சம் எண்ணிப் பார். 2020 நவம்பரில் ‘வைபவ்’ என்னும் ரோந்துக் கப்பல், ‘ஷெனாயா துவா’ என்ற இலங்கைப் படகைத் தென்கடலில் மறித்து, நூறு கிலோ அளவுக்கு ஹெராயினும், ஐந்து கைத்துப்பாக்கிகளும், துரையா செயற்கைக்கோள் தொலைபேசியும், ஆறு மாலுமிகளுமாகத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. 2021 மார்ச் மாதத்தில் மினிக்காய்த் தீவுக்கு அருகே ‘ரவிஹன்சி’ என்ற இன்னொரு இலங்கைப் படகு, 300 கிலோ ஹெராயினும் ஐந்து ஏ.கே.47 துப்பாக்கிகளும் ஆயிரம் தோட்டாக்களுமாகப் பிடிபட்டு விழிஞ்ஞம் கரையைச் சேர்ந்தது. பின்னர் அந்த வழக்கு தேசியப் புலனாய்வு முகமையின் கைக்குப் போயிற்று. 2023 மே மாதத்தில் ‘சமுத்ரகுப்த்’ நடவடிக்கையில் கடற்படையும் போதைப்பொருள் தடுப்புப் பிரிவும் சேர்ந்து ஏறக்குறைய 2,500 கிலோ மெத்தாம்பெட்டமைனைக் கொச்சியில் இறக்கின. 2024 நவம்பரில் அந்தமானில், பேரன் தீவின் அருகே விமானத்தின் கண்ணில் பட்ட மியான்மர் மீன்பிடிப் படகு ஒன்றில் சுமார் 6,000 கிலோ அதே சரக்கு இருந்தது. மக்ரான் கரையிலிருந்து அரபிக்கடல் வழியாகவும், அந்தமான் கடல் வழியாகவும் வரும் இரண்டு பாதைகளுக்கும் நடுவில் நம் தமிழ்நாட்டுக் கரை நிற்கிறது. ஆகவே நீ எழுதும் திட்டம் அலமாரியில் தூங்கப் போவதில்லை.

முதலில் இடம். நீ மறித்த கலம் மறிக்கப்பட்ட வேளையில் எந்த அட்சரேகை, எந்தத் தீர்க்கரேகையில் இருந்தது என்பதை ஒரே கருவியை நம்பிக் குறிக்காதே. உன் கப்பலின் கருவி, மேலே விமானம் இருந்தால் அதன் பதிவு, பிடிபட்ட கலத்தின் சொந்த ஜி.பி.எஸ். ஆகிய மூன்றும் ஒன்றையொன்று உறுதிப்படுத்தும்படி, நேரத்தோடு பதிவு செய்து வை. கரையிலிருந்து 12 கடல்மைல் வரை ஒரு சட்டம், 24 வரை ஓர் அதிகாரம், 200 வரை வேறோர் உரிமை, அதற்கு அப்பால் உலகப் பொதுக்கடல் என்று 1976ஆம் ஆண்டின் கடல் மண்டலச் சட்டமும் 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கையும் வகுத்திருக்கின்றன. தண்ணீரில் கோடு எதுவும் கிடையாது. உன் பதிவேட்டில் உள்ள எண்தான் கோடு. 2013 அக்டோபரில் தூத்துக்குடிக்குக் கொண்டுவரப்பட்ட ‘சீமேன் கார்டு ஓகையோ’ கப்பலை நினைத்துக்கொள். அது போதைப்பொருள் வழக்கன்று, ஆயுத வழக்கு. எனினும் உனக்கு அதைவிடச் சிறந்த பாடம் இல்லை. 35 பேர் கைதாயினர். 2016 ஜனவரியில் கீழ்க்கோர்ட்டு ஐந்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. 2017 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அனைவரையும் விடுதலை செய்தது. அந்தக் கப்பல் எங்கே நின்றது, எந்த அவசியத்தால் அங்கே வந்தது என்னும் இரண்டு கேள்விகளைச் சுற்றியே அத்தனை ஆண்டுகளும் வாதம் சுழன்றது.

இடத்தோடு சேர்ந்தது கொடி. பொதுக்கடலில் வேற்று நாட்டுக் கொடி பறக்கும் கப்பலில், போதைப்பொருள் இருக்கிறது என்ற சந்தேகத்தை மட்டும் காரணமாகக் கொண்டு ஏறிவிட முடியாது. 1988ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 17ஆவது ஷரத்துப்படி கொடிக்குரிய நாட்டின் சம்மதம் வேண்டும். கொடியே இல்லாத கலத்தின் நிலை வேறு. பிரெஞ்சுக் கடற்படை 2002இல் ‘வின்னர்’ என்ற கம்போடியக் கொடிக் கப்பலை அட்லாண்டிக் கடலில் பிடித்து, மாலுமிகளைக் கப்பலிலேயே காவலில் வைத்து, பதின்மூன்று நாள் பிரயாணத்துக்குப் பின் பிரெஸ்ட் துறைமுகத்தில் சேர்த்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2010இல் தந்த தீர்ப்பில், கப்பலைத் தடுக்கக் கம்போடியா தந்த சம்மதம் மாலுமிகளின் சுதந்திரத்தைப் பறிப்பதற்குப் போதிய ஆதாரமாகாது என்று பிரான்சைக் குறை கூறியது. ஆனால் பதின்மூன்று நாள் தாமதத்தை, தூரமும் கடலின் நிலையும் கப்பலின் நலிவும் காரணமென்று ஒப்புக்கொண்டது. நம் அரசியல் சாசனத்தின் 22ஆவது ஷரத்தும் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் நிறுத்தச் சொல்லும்போது, பிரயாண நேரத்தைக் கழித்தே சொல்கிறது. அந்தப் பிரயாண நேரம் ஏன் அவ்வளவு ஆயிற்று என்பதை, வேகம், காற்று, எஞ்சின் கோளாறு என்று மணிவாரியாக எழுதி வைத்திருப்பவனுக்கே அந்தச் சலுகை பயன்படும்.

ஏறியவுடன் உன் ஆட்களில் ஒருவன் எஞ்சின் அறைக்குப் போயாக வேண்டும். அவன் யார் என்பது முன்கூட்டியே பெயரளவில் தீர்மானமாகியிருக்க வேண்டும். சரக்கைத் தேடுவதற்கு முன்னால் கலம் மிதக்க வேண்டும் அல்லவா? ‘சமுத்ரகுப்த்’ நடவடிக்கையில் தாய்க்கப்பலை அதில் இருந்தவர்களே மூழ்கடிக்க முயன்றார்கள் என்று அறிவிக்கப்பட்டது. கடல்நீர் வால்வைத் திறந்துவிடுவதற்கு ஒரு நிமிஷம் போதும். அப்படியே, உன் கப்பலைத் தூரத்தில் கண்டவுடன் சாக்குகள் கடலில் விழத் தொடங்கும். அதைப் படம் பிடிப்பவன் ஒருவன், விழுந்த இடத்தைக் குறிப்பவன் ஒருவன், மிதப்பதை அள்ளும் சிறு படகு ஒன்று ஆகிய மூன்றையும் உன் திட்டத்தில் சேர். 2021 மார்ச் தொடக்கத்தில் பிடிபட்ட ‘ஆகர்ஷ துவா’ படகின் மாலுமிகள், 200 கிலோ ஹெராயினையும் 60 கிலோ ஹஷீஷையும் கடலில் கொட்டிவிட்டதாகச் சொன்னார்கள் என்று செய்தி வந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், 2020 அக்டோபரில், தூஃபான் சிங் எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 67ஆவது பிரிவின்படி அதிகாரிகள் வாங்கும் வாக்குமூலம் குற்ற ஒப்புதலாகச் செல்லாது என்று தீர்த்திருந்தது. சரக்கு கடலின் அடியில், வாக்குமூலம் சட்டத்தின் வெளியில் என்றால், வழக்குக்கு மிஞ்சுவது என்ன என்பதை நீயே யோசித்துக்கொள். மனிதனின் வாயை நம்பாதே. கருவியையும் காகிதத்தையும் நம்பு. செயற்கைக்கோள் தொலைபேசியையும் ஜி.பி.எஸ். கருவியையும் உன் ஆட்கள் ஆவலால் தட்டிப் பார்க்காதபடி, ரேடியோ அலை புகாத உறையில் இட்டு முத்திரை வைக்கச் சொல்.

கைப்பற்றியவற்றைச் சாட்சிகளின் முன்னிலையில் பதிவு செய்யும் மகஜரைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். ஏனென்றால் என் அனுபவத்தில் நல்ல வழக்குகள் பல சரக்கின் குறைவால் தோற்கவில்லை, மகஜரின் குறைவால் தோற்றன. கரையில் மகஜர் எழுதும்போது இரண்டு சாட்சிகளை அழைத்துக்கொள்ளலாம். நடுக்கடலில் யார் வருவார்கள்? ஆகவே கடலில் எழுதுவது சுருக்கமான முதற்பதிவாகவும், துறைமுகத்தில் சுதந்திரமான சாட்சிகளின் முன்னிலையில் எழுதுவது முழு மகஜராகவும் அமையட்டும். இரண்டுக்கும் இடையில் முத்திரை உடையவில்லை என்பதை நிரூபிக்கும் பொறுப்பு உன்னுடையது. கடலில் பொட்டலங்களைப் பிரிக்க வேண்டாம். எண்ணு, இருந்த இடத்திலேயே படம் எடு, சாக்கோடு கட்டி எண்ணிட்டு முத்திரை வை. எடை போடுவதைக் கரைக்கு விட்டுவிடு. ஆடும் தளத்தில் தூக்குத் தராசு காட்டும் எண்ணும், துறைமுகத் தராசு காட்டும் எண்ணும் மாறுபட்டால், அந்த மாறுபாட்டுக்கு எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு நாள் முழுவதும் குறுக்கு விசாரணை செய்வார். அவர் செய்வது நியாயமும் ஆகும். அதற்கு மேலும் ஒரு காரணம் உண்டு: கையுறையும் முகமூடியும் இன்றி இந்தப் பொடிகளைப் பிரிப்பது உன் ஆட்களின் உடம்புக்கே ஆபத்து. மாதிரி எடுப்பது உன் வேலை அன்று. 2016இல் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடியும், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 52ஏ பிரிவின்படியும், 2022 டிசம்பரில் வந்த விதிகளின்படியும், பட்டியலும் படங்களும் மாதிரிகளும் மாஜிஸ்திரேட்டின் முன்னிலையில் உறுதியாக வேண்டும். அப்படி உறுதியானால் அவையே வழக்கில் முதன்மைச் சாட்சியமாக நிற்கும். மலைபோல் குவிந்த சரக்கை ஆண்டுக்கணக்கில் காவல் காக்க வேண்டிய அவசியமும் இராது. 6,000 கிலோவைப் பூட்டி வைக்கத்தக்க அறை எந்தச் சிறிய துறைமுகத்தில் இருக்கிறது? கரையில் உள்ள போதைப்பொருள் தடுப்புப் பிரிவினரோடு பேசி, எந்த அறை, எவருடைய சாவி, எந்த மாஜிஸ்திரேட் என்பதை இன்றே அறிந்து திட்டத்தில் எழுது. சாக்கு ஒவ்வொன்றும் யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்த நேரத்தில் போயிற்று என்பதற்கு ஒரு தனிப் பதிவேடு இருக்கட்டும்.

இனி மனிதர்களைப் பற்றி. உன் வரைவில் மாலுமிகள் ஒரே ஒரு முறை, அதுவும் கைகளைக் கட்ட வேண்டியவர்களாக மட்டும் வருகிறார்கள். நம் கரையில் இதே நிலையில் நின்ற ஐந்து பேரை உனக்கு நினைவூட்டுகிறேன். 2011 நவம்பரில் தங்கச்சிமடத்து மீனவர் ஐவரை ஹெராயின் கடத்தியதாக இலங்கைக் கடற்படை பிடித்தது. 2014 அக்டோபர் 30ஆம் தேதி கொழும்பு உயர் நீதிமன்றம் அவர்களுக்கு மரண தண்டனை விதித்தது. ராமேசுவரம் தீவே தெருவுக்கு வந்தது. அடுத்த மாதமே இலங்கை ஜனாதிபதி தண்டனையை நீக்கியதால் அவர்கள் உயிரோடு ஊர் வந்து சேர்ந்தார்கள். அந்த நாட்களில், அவர்களைப் பிடித்தவர்கள் படகில் கண்டதையெல்லாம் ஒழுங்காக எழுதினார்களா, அவர்கள் சொன்னதை அவர்கள் மொழியில் கேட்டார்களா என்று நம் பக்கத்தில் எத்தனை வீடுகளில் பேசிக்கொண்டோம்! நாம் அன்று எதை எதிர்பார்த்தோமோ, அதை இன்று உன் கையில் அகப்படும் சிங்கள மாலுமிக்கும், பலூச்சிக்கும், பர்மியனுக்கும் நீ கொடுக்கக் கடன்பட்டிருக்கிறாய்.

ஒரே படகில் இருக்கும் ஆறு பேரும் ஒரே அளவு குற்றம் உடையவர்கள் என்று எண்ணாதே. நெடுநாள் மீன்பிடிக் கலத்தில் கூலிக்கு வந்த சமையற்காரப் பையன், நடுக்கடலில் சாக்குகள் மாற்றப்பட்டபோதுதான் விஷயத்தை அறிந்திருக்கலாம். அறிந்தபின் அவன் எங்கே இறங்கிப் போவான்? அவன் குற்றமற்றவன் என்று தீர்ப்பதும் உன் வேலை அன்று, குற்றவாளி என்று தீர்ப்பதும் உன் வேலை அன்று. பிற்பாடு தீர்க்கப் போகிறவருக்கு உண்மையைக் கெடாமல் கொண்டுபோவதே உன் வேலை. யார் சுக்கானில் நின்றான், யார் எஞ்சின் அறையில் இருந்தான், யாருடைய படுக்கைக்கு அடியில் எது கிடைத்தது, தொலைபேசி யார் மடியில் இருந்தது என்று ஏறிய நேரத்து நிலையை ஆள்வாரியாக எழுது. அவர்களைப் பிரித்து வை. ஆனால் வெயிலில் வைக்காதே. குடிநீர், உணவு, மருந்து கொடுத்த நேரத்தையும் எழுது. உடம்பில் காயம் இருந்தால் அது நீ ஏறுவதற்கு முந்தியதா பிந்தியதா என்பதை உன் கப்பலின் மருத்துவ உதவியாளர் அன்றே குறித்துக் கையொப்பமிட வேண்டும். உடம்பைச் சோதிக்குமுன், மாஜிஸ்திரேட்டின் அல்லது கெஜட்டட் அதிகாரியின் முன்னிலையில் சோதிக்கப்படும் உரிமையை அதே சட்டத்தின் 50ஆவது பிரிவு தருகிறது என்பதை, அவனுக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். சிங்களம், பலூச்சி, பர்மிய மொழி பேசுவோரைக் கப்பலில் தேடினால் கிடைக்க மாட்டார்கள். கரையில் இன்றே கண்டுபிடித்து, செயற்கைக்கோள் தொலைபேசி வழியாக மொழிபெயர்க்க ஏற்பாடு செய்து வை. அந்நிய நாட்டவனாயின், அவன் தூதரகத்துக்குச் செய்தி போக வேண்டும் என்பதையும் மறவாதே.

கரை சேர்க்கும் பிரயாணத்தைப் பற்றி நீ நன்கு அறிவாய். சொந்த எஞ்சினில் ஓட்டுவதா, கட்டி இழுப்பதா என்பதைக் கலத்தின் அடிப்பாகத்தைப் பார்த்த பிறகே முடிவு செய். ஐப்பசி, கார்த்திகையில் மன்னார் வளைகுடாவில் பழைய மரப்படகை வேகமாக இழுத்தால் அணியம் பிளந்துவிடும். மிக அருகிலுள்ள துறைமுகமே நல்ல துறைமுகம் என்பதும் இல்லை. சிறப்பு நீதிமன்றம், காவலுள்ள துறைமேடை, மின்சாரம், கலத்தில் ஊறும் நீரை இறைக்கும் பம்பு ஆகியவை எங்கே ஒருங்கே கிடைக்கின்றனவோ, அங்கே இரண்டு மணி நேரம் கூடுதலாகச் சென்றாலும் குற்றமில்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 57ஆவது பிரிவு கேட்கும் 48 மணி நேர அறிக்கையைக் கரை ஏறிய பின் எழுதத் தொடங்காதே; திரும்பி வரும் வழியிலேயே எழுதி முடி.

கடைசியாக, கலம். பிடித்த களிப்பு அடங்கியதும் எல்லோரும் மறந்துவிடும் பொருள் அது. ‘சீமேன் கார்டு ஓகையோ’ தூத்துக்குடித் துறைமுகத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றது. இலங்கையின் காரைநகரிலும் மயிலிட்டியிலும், அங்கே பிடித்து வைக்கப்பட்ட நம் ராமேசுவரத்து விசைப்படகுகள் கரையில் கிடந்து உளுத்துப் போவதைப் பத்திரிகைப் படங்களில் கண்டு நாம் வயிறெரிகிறோம். நம் துறைகளிலும் அப்படிப்பட்ட காட்சி உண்டு. பெயர் சொல்ல வேண்டாத ஒரு துறைமுகத்தில், வழக்குச் சொத்தான மரக்கலம் ஒன்று, நீர் இறைப்பது யார் பொறுப்பு என்று மூன்று இலாகாக்கள் கடிதம் எழுதிக்கொண்டிருந்த வேளையில், கட்டிய இடத்திலேயே மழைக்காலத்தில் மூழ்கி, தொட்டியில் இருந்த டீசல் முழுவதும் துறையில் பரவியதை நான் கண்டிருக்கிறேன். கலம் குற்றத்தின் சாட்சி. பிறன் ஒருவனுடைய ஆஸ்தியாகவும் இருக்கலாம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 60ஆவது பிரிவு, தனக்கும் தன் ஏஜெண்டுக்கும் கலத்தின் பொறுப்பில் இருந்தவனுக்கும் தெரியாமல், தக்க முன்ஜாக்கிரதைகளை மீறி அது பயன்படுத்தப்பட்டது என்று உடைமையாளன் நிரூபித்தால் பறிமுதலிலிருந்து தப்பலாம் என்கிறது. அந்த வாய்ப்பு வெறும் காகித வாய்ப்பாகாமல் இருக்க, அவன் வரும்வரை கலம் மிதக்க வேண்டும். அப்படிக் காக்க முடியாதென்றாலும் வழி உண்டு: 2014ஆம் ஆண்டின் திருத்தம் 52ஏ பிரிவில் கலங்கள் உள்ளிட்ட வாகனங்களையும் சேர்த்திருக்கிறது. அளந்து, படமெடுத்து, எஞ்சின் எண்ணையும் மறைவிடங்களையும் குறித்து, மாஜிஸ்திரேட்டின் சான்றைப் பெற்று, காலத்தில் ஏலம் விடச் செய்யலாம். கலத்தை ஒப்படைக்கும் நாளில், எரிபொருள் எவ்வளவு, பம்பு ஓடுகிறதா, எத்தனை நங்கூரம், இரவுக் காவல் எவருடையது என்பதற்கெல்லாம் எதிர்க்கையொப்பம் வாங்காமல் உன் ஆட்கள் அந்தத் தளத்தைவிட்டு இறங்கக் கூடாது என்று திட்டத்தில் தெளிவாக எழுது.

இவற்றையெல்லாம் சேர்த்தால் உன் ஒரு வரி பத்துப் பக்கமாகும். உன் மேலதிகாரி நீளத்தைக் கண்டு தயங்கினால், துரத்தும் பகுதியைச் சுருக்கிக்கொள். அதை உன் ஆட்கள் பயிற்சியிலேயே அறிவார்கள். திருத்திய வரைவை அனுப்பும்போது, கடலில் நிரப்ப வேண்டிய முதற்பதிவின் படிவத்தையும், சாக்குகளின் கைமாற்றுப் பதிவேட்டின் மாதிரிப் பக்கத்தையும் உடன் அனுப்பு. அவை இரண்டையும் மதுரையில் இத்தகைய வழக்குகளை நடத்தும் என் நண்பர் ஒருவரிடம் காட்டி, அவர் எந்த இடத்தில் கேள்வி கேட்பார் என்று தெரிந்து உனக்கு எழுதுகிறேன்.

இங்ஙனம்,
உன் நலம் நாடும் அண்ணன்